தபாலட்டையில் ஒரு மகளின் பெயர்

(பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.)

இலங்கையில் தமிழ்ப் பாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாடியவர்களைப் பற்றி எழுதுகிறார்கள். இசையமைத்தவர்களைப் பற்றியும் வானொலி அறிவிப்பாளர்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் யார், எந்த வீட்டில், யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள் என்பது அந்த எழுத்துகளில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. அதிலும் தாய்மாரும் மகள்மாரும் கண்ணில் படுவதே அரிது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. இந்தத் தவணை நடந்த பெற்றோர் கூட்டமொன்றில் ஒரு தகப்பனார் எழும்பிக் கேட்டார்: "டீச்சர், இந்தப் பொம்பளப் புள்ளைகள் எல்லாம் கொரியாப் பாட்டுக்குப் பைத்தியமா அலையுதுகள். நீங்க சொல்லித் திருத்தக் கூடாதா?" பின்வரிசையில் இருந்து ஒரு தாய், "டீச்சரும் மகளோட சேர்ந்து கேக்கிறாவாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டத்தில் விரிவாகப் பேச நேரம் இருக்கவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு வரலாற்றிலிருந்து ஒரு பதில் இருக்கிறது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இசை கேட்கலாமா கூடாதா என்று மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள். நம் வீடுகளில் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

என் பதில் சுருக்கமாக இதுதான்: பாட்டுக்கு ரசிகையாக இருப்பது நம் நாட்டில் தாயும் மகளும் சேர்ந்து செய்த காரியமாகத்தான் தொடங்கியது. மகள் தனியாகக் கேட்பதும் தாய் தனியாகக் கேட்பதும் பிறகு வந்தவை.

*ரேடியோ வந்த கதை*

இலங்கையில் வானொலி 1925 டிசம்பர் 16 அன்று முறைப்படி தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹாப்பர் முன்னின்று நடத்தினார். பிரித்தானியாவில் பீ.பீ.சி. தொடங்கி அப்போது மூன்று வருடம்தான். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவில் நின்ற படையினருக்காகக் கொழும்பிலிருந்து பலமான ஒரு வானொலி நடத்தப்பட்டது. போர் முடிந்த பின் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் அதற்கு 'ரேடியோ சிலோன்' என்று பெயர் வந்தது. 1950 செப்டம்பரில் வர்த்தக சேவை ஆரம்பமானது. சோப்புக்கும் பற்பசைக்கும் விளம்பரம் போட்டு, இடையில் சினிமாப் பாட்டு ஒலிபரப்புவதுதான் வர்த்தக சேவை.

அந்த நேரத்தில் இந்தியாவில் ஒரு விசயம் நடந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சாஸ்திரிய சங்கீதத்தில் பற்று அதிகம். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய எண்ணம். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்றே போனது. இந்திய வீடுகளின் ரேடியோ ஊசிகள் கொழும்புப் பக்கம் திரும்பின. அதே 1952 டிசம்பரில் அமீன் சயானி நடத்திய 'பினாக்கா கீத்மாலா' ரேடியோ சிலோனில் தொடங்கியது. பம்பாயில் ஒலிப்பதிவு செய்து, நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பி, இங்கிருந்து இந்தியாவுக்கு ஒலிபரப்பினார்கள். கடைசியில் 1957 அக்டோபரில் 'விவித் பாரதி' என்ற சேவையை ஆரம்பித்து சினிமாப் பாட்டைத் திரும்பக் கொண்டுவருவதைத் தவிர இந்திய அரசுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இந்தக் கதையைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குள் இருக்கும் கடிதங்கள். அமீன் சயானிக்கு வாராவாரம் பல்லாயிரக்கணக்கில் கடிதம் வந்தது. இன்றைய ஜார்க்கண்டில் ஜும்ரி தலையா என்று மைக்கா தோண்டும் ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கிருந்து பாட்டுக் கேட்டுப் போன கடிதங்களாலேயே அந்த ஊர்ப் பெயர் இந்தியா முழுக்கத் தெரிய வந்தது. ரேடியோவில் பாட்டுக் கேட்டு எழுதுகிறவர் பாட்டைக் காதால் கேட்டுவிட்டுப் போகிறவர் இல்லை. தபாலட்டை வாங்கி, முகவரி எழுதி, பெட்டியில் போட்டு, தன் பெயர் வாசிக்கப்படும் நாளுக்காகக் காத்திருக்கிறார். இன்று 'ஃபேன்' என்று சொல்கிறோமே, அந்த ஆள் இப்படித்தான் பிறந்தார்.

*பெயர்ப் பட்டியல்கள்*

தமிழ்ச் சேவையிலும் இதுவே நடந்தது. எஸ்.பி. மயில்வாகனன், அவருக்குப் பின் கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், கொழும்பு தெமட்டகொடையிலிருந்து வந்த நம் பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களுக்கே ரசிகர்கள் இருந்தார்கள். பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் அவர்களுடைய பெயர்கள் வீட்டுப் பெயர்களாகின. 'பொங்கும் பூம்புனல்', 'நேயர் விருப்பம்', 'பிறந்தநாள் வாழ்த்து', 'பாட்டுக்குப் பாட்டு'. இந்தப் பெயர்களைக் கேட்டால் ஐம்பது வயது தாண்டியவர்களின் முகம் மாறுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இதில் 'பிறந்தநாள் வாழ்த்து' நிகழ்ச்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். அந்தப் பிள்ளையின் பெயர், ஊர் வாசிக்கப்படும். பிறகு வாழ்த்துகிறவர்களின் பட்டியல்: அப்பா, அம்மா, அப்பப்பா, அம்மம்மா, அண்ணன்மார், மாமாமார், மாமிமார், சித்தி, சித்தப்பா. சிலருக்கு அது நீண்டுகொண்டே போகும். கடைசியில் ஒரு சினிமாப் பாட்டு. அந்தப் பாட்டு முழுக் குடும்பத்துக்கும் சொந்தம். 'நேயர் விருப்பம்' பட்டியல்களும் இதே மாதிரித்தான். தபாலட்டைக்குக் காசு கொடுக்க வேண்டும். ஒரு அட்டையில் ஒரு பெயர் எழுதினாலும் ஒரே செலவு, ஆறு பெயர் எழுதினாலும் ஒரே செலவு. ஆகவே வீட்டிலுள்ள எல்லோருடைய பெயரும் ஒரே அட்டையில் ஏறியது.

எங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கிறது. 1970களில் உம்மாவின் வாப்பாவுக்கு இந்த நுவரெலியா வீதியில் சின்னக் கடை ஒன்று இருந்தது. கருவாடு, மண்ணெண்ணெய், பெட்டரி விற்கிற கடை. ரேடியோ மேல்தட்டில் இருக்கும். சம்பள நாளில் தோட்டத்து ஆட்கள் சாமான் வாங்க வந்து, பாட்டு முடியும் வரை வாசலில் நிற்பார்களாம். கடைக்குப் பின்னால்தான் வீடு. உம்மம்மா சமையல் கட்டிலிருந்து கேட்பார். அவருக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத வராது. பாடசாலைக்குப் போன உம்மாதான் தபாலட்டை எழுதுவார். பாட்டைச் சொல்வது உம்மம்மா, எழுதுவது உம்மா.

வயதுக்கு வந்த பிள்ளையின் பெயரை நாடு முழுக்கக் கேட்கும் ரேடியோவில் வாசிக்க விடலாமா என்ற கேள்வி வந்திருக்கிறது. அதற்கு உம்மம்மா சொன்ன வழியை உம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பார்: "என்ட பேர மொதல்ல போடு. அதுக்குப் பொறகு ஒன்ட பேர் ஈக்கட்டும். உம்மாட பேரோட வந்தா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல ஏலா."

அப்படியே எழுதினார்கள். ஒரு நாள் வாசித்தும் விட்டார்கள். அடுத்த ஜும்ஆவுக்கு யாரோ உம்மாவின் வாப்பாவிடம் கேட்டிருக்கிறார். "அது என்ட பொண்டாட்டி கேட்ட பாட்டு" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டியிருக்கிறார். பேச்சு அதோடு முடிந்தது.

நான் இதைப் பல வருடம் ஒரு பகிடியாகத்தான் கேட்டேன். வரலாறு படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த அட்டையில் இருந்த ஒழுங்கு புரிந்தது. தாயும் ரசிகையாக இருந்ததால் மகளுக்கு இடம் கிடைத்தது. தாயின் பெயர் மகளின் பெயருக்குக் குடை பிடித்தது.

*லயத்துக்குள் ஒரு பாட்டு*

வெளிநாட்டில் பெண் பிள்ளைகளின் பாட்டு மோகத்தைப் பற்றி ஆராய்ந்தவர்கள் வேறொரு படத்தைத் தருகிறார்கள். 1976இல் ஆஞ்சலா மக்ரொபி, ஜெனி கார்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்துப் பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். ஆண் பிள்ளைகள் தெருவில் கூடினார்கள், பெண் பிள்ளைகளின் ரசனையோ படுக்கையறைக்குள் வளர்ந்தது என்பது அவர்கள் சொன்னது. சுவரில் பாடகரின் படம், ஒரு ரெக்கோட் பிளேயர், ஒரு சிநேகிதி, பூட்டிய கதவு. நல்ல ஆய்வு. ஆனால் இதை நம் பக்கம் கொண்டுவந்து பாருங்கள்.

மலையகத்தில் லயக் காம்பிரா என்பது பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் தாய், தகப்பன், பிள்ளைகள், சில வேளை தாத்தா பாட்டி. பக்கத்துக் காம்பிராவில் இருமினால் இங்கே கேட்கும். மகளுக்குத் தனியறை எங்கே இருக்கிறது? கதவு எங்கே இருக்கிறது? பெட்டரி ரேடியோ ஒன்று இருந்தால் அது அந்தக் காம்பிராவுக்கு மட்டும் பாடாது, வரிசைக்கே பாடும். மகள் எந்தப் பாட்டுக்கு மயங்கினாலும் தாயின் காதிலும் அது விழும். தாய்க்குப் பிடித்தது மகளுக்கும் பாடமாகும். இங்கே ரசனை பிரிந்து வளர இடமே இல்லை.

ரேடியோவுக்கு முன்பும் இப்படித்தான். கொழுந்து மலையில் பாடிய பாட்டுகளும் தாலாட்டும் ஒப்பாரியும் தாயின் வாயிலிருந்து மகளின் காதுக்கு வந்தவை. பூண்டுலோயாப் பக்கம் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை அவற்றில் பலவற்றைத் தேடித் தொகுத்தார். புதிய மெட்டுகளின் மோகமும் பழையதுதான். தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள், தோட்ட மக்களின் கஷ்டத்தைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். 1940இல் அவருடைய பாட்டுகள் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் வெளிவந்தன. அவற்றுக்கு அவர் எடுத்துக்கொண்டது அந்தக் காலத்தில் சனங்களின் வாயில் இருந்த பிரபலமான மெட்டுகளை. மெட்டு தெரிந்தவர்களுக்குத்தான் அரசியலும் உடனே வாயில் ஏறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு விசயம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களை எண்களாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம். மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. இத்தனை காலமும் ரேடியோ அரசாங்கத்தின் கையில் இருந்தது. பிரஜைகளின் பட்டியலில் இடம் இல்லாத பெண்ணின் பெயரை, அவளுடைய தோட்டத்தின் பெயரோடு சேர்த்து, அதே அரசாங்கத்தின் ரேடியோ நாடு முழுக்க வாசித்தது. ஒரு சினிமாப் பாட்டுக்காக வாசித்தது. அந்தப் பெண்ணும் அவளுடைய அம்மாவும் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டதை 'பைத்தியம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

*நம்ம பொப்*

1960களின் இறுதியில் இலங்கைத் தமிழுக்கென்று ஒரு பொப் இசை பிறந்தது. சிங்களத்தில் அப்போது பைலாவும் பொப்பும் கொடி கட்டிப் பறந்தன. ஹப்புத்தளையில் பிறந்த கிளரன்ஸ் விஜேவர்தன 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவோடு ஒரு புது அலையையே கிளப்பியிருந்தார். தமிழில் நித்தி கனகரத்தினம் மாணவராக இருந்த காலத்திலேயே கிட்டாரோடு பாடத் தொடங்கினார். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' இரண்டும் அவருடையவை. ஏ.ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைச் சிங்களமும் தமிழும் கலந்து பாடினார். பொப் இசைச் சக்கரவர்த்தி என்று சனங்கள் பட்டம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் அவரை 'சிலோன் மனோகர்' என்றார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

இந்தப் பாட்டுகளின் மொழி பேச்சு மொழி. கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் சுற்றுலாவிலும் கைதட்டிப் பாடலாம். சங்கீதம் படித்திருக்கத் தேவையில்லை. ஒன்று கவனித்தீர்களா? 'சின்ன மாமியே' பாட்டில் பையன் பேசுவது மகளோடு இல்லை, மகளைப் பெற்றவளோடு. மகளைப் பற்றி அறிய வேண்டுமென்றால் தாயிடம்தான் கேட்க வேண்டும். பாட்டுக்குள் மாமி காவல்காரி. பாட்டுக்கு வெளியே, ரேடியோவுக்கு முன்னால், அதே மாமியும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டுச் சிரித்தார்கள்.

'பாட்டுக்குப் பாட்டு' இதை இன்னும் இறுக்கியது. ஒருவர் பாட்டை நிறுத்தும் இடத்திலிருந்து ஓர் எழுத்து வரும், அடுத்தவர் அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். ரேடியோவில் நடந்த போட்டி வீட்டு விளையாட்டானது. மின்சாரம் இல்லாத இரவுகளில் எங்கள் வீட்டிலும் நடக்கும். இதில் வெல்ல வேண்டுமென்றால் புதுப் பாட்டு மட்டும் தெரிந்தால் போதாது. மகளுக்கு உம்மாவின் பழைய பாட்டுகள் வேண்டும், உம்மாவுக்கு மகளின் புதுப் பாட்டுகள் வேண்டும். இரண்டு தலைமுறையின் பாட்டும் ஒரே வாய்க்கு வந்தது இப்படித்தான்.

*பிரிந்த கதை*

பிறகு எப்படிப் பிரிந்தோம்? 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டுச் சாமான்கள் கடைக்கு வந்தன. அதே காலத்தில் நம் ஊர்களிலிருந்து மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கினார்கள். முதலில் ஆண்கள், பிறகு தாய்மார். அவர்கள் கொண்டுவந்த சாமான்களில் கெசட் ரேடியோவுக்கு முதலிடம். கெசட் வந்தவுடன் பாட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லாமல் போனது. பிடித்த பாட்டைப் பிடித்தவர், பிடித்த நேரத்தில் போடலாம். அதே கெசட்டில் குரலைப் பதிந்து கடல் கடந்து அனுப்பிய தாய்மாரும் உண்டு. மகள் அந்த நாடாவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பாள். கெசட் தாயையும் மகளையும் சேர்த்தும் வைத்தது, பிரித்தும் வைத்தது.

1979இல் ஜப்பானில் சோனி கொம்பனி 'வோக்மன்' விற்கத் தொடங்கியது. காதுக்குள் மட்டும் பாடும் பெட்டி. 1982இல் ரூபவாஹினி வந்தது. 1990களின் இறுதியில் சூரியன், சக்தி என்று தனியார் எஃப்.எம். வானொலிகள் தமிழில் வந்தன. தபாலட்டையின் இடத்தைத் தொலைபேசி அழைப்பு பிடித்தது. நான் கல்வியியற் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் ஒரு போனும் ஒரு இயர்போனும் இருந்தால் இரண்டு பேர் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்போம். பிறகு ஆளுக்கொரு போன் வந்தது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகளைப் பூட்டிப் பாடங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பிள்ளைகளின் கையில் போனைக் கொடுத்தது பெற்றோராகிய நாமும் ஆசிரியர்களாகிய நாங்களும்தான். போன் போன இடத்துக்குப் பாட்டும் போகும்.

இந்த இடைக்காலத்தில் இரண்டு தலைமுறையும் ஒரே பெட்டிக்கு முன்னால் திரும்ப உட்கார்ந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2023இல் ஸீ தமிழின் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மேடையில் நம் வீதியில் கீழே இருக்கும் புசல்லாவை நயாபன தோட்டத்துப் பிள்ளை அசானியும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை கில்மிஷாவும் பாடினார்கள். மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டு என்று நினைவுகூர்ந்த வருடம் அது. தாய்மாரும் மகள்மாரும் சேர்ந்திருந்து பார்த்தார்கள், அழுதார்கள். டிசம்பரில் கில்மிஷா முதலிடம் பெற்றபோது எங்கள் வகுப்பில் பாடம் நடத்த முடியவில்லை, பேச்செல்லாம் அதுதான். அன்றைக்கு எந்தப் பெற்றோரும் இதைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. நம் பிள்ளைகள் பாடினால் பெருமை, வேறு நாட்டுப் பிள்ளைகள் பாடினால் பைத்தியமா?

*இப்போதைய கதை*

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. பீ.டி.எஸ். என்ற கொரியக் குழுவின் ரசிகை. 2013இல் அறிமுகமான ஏழு பேர் கொண்ட குழு. அவர்களுடைய ரசிகர்களுக்கு 'ஆர்மி' என்று பெயர். ஆரம்பத்தில் ஏழு முகமும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. மகள் ஒரு கொப்பியில் ஏழு பெயரையும் எழுதி எனக்குப் பரீட்சை வைத்தாள். மூன்றாம் முறைதான் சித்தியடைந்தேன். இப்போது எனக்கென்று பிடித்த பாட்டுகள் இருக்கின்றன. அவளுக்குப் பிடிக்காத ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது, அதில் வாக்குவாதமும் உண்டு. நானும் ரசிகைதான். மறைக்க ஒன்றும் இல்லை.

மகள் கொரிய எழுத்துப் படிக்கிறாள். 15ஆம் நூற்றாண்டில் செஜோங் என்ற அரசர், சீன எழுத்துப் படிக்க வசதியில்லாத சாதாரண சனங்களுக்காக உருவாக்கி 1446இல் வெளியிட்ட எழுத்து அது. உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரு எழுத்தாக நிற்பதைப் பார்த்து, "உம்மா, இது நம்ம உயிர்மெய் மாதிரி" என்றாள். வரலாறு, மொழி இரண்டையும் ஒரே மாலையில் நான் படிப்பித்து முடித்த நாள் அது. அவள் கேட்டதால்தான் படிப்பித்தேன்.

இங்கே ஒன்றைக் கேட்கிறேன். நம் நகரங்களில் கொரிய மொழி வகுப்புகளின் விளம்பரம் எத்தனை ஒட்டியிருக்கிறது? கொரியாவில் வேலைக்குப் போவதற்காக இளைஞர்கள் அந்தப் பரீட்சைக்கு இரவு பகலாகப் படிக்கிறார்கள். வீட்டில் துஆச் செய்கிறோம், கோயிலில் நேர்த்தி வைக்கிறோம். அதே எழுத்தைப் பெண் பிள்ளை ஒருத்தி விருப்பத்துக்காகப் படித்தால் மட்டும் அது ஏன் நோயாகத் தெரிகிறது?

தகப்பனாரின் பயம் வீணானது என்று நான் சொல்லவில்லை. பயப்பட வேண்டிய இடம் இருக்கிறது. அது பாட்டில் இல்லை. சில மாதங்களுக்கு முன் மகள் ஒரு ரசிகர் வாட்ஸ்அப் குழுவில் சேர விரும்பினாள். நானும் சேர்வதென்றால் சேரலாம் என்றேன். சேர்ந்தோம். ஒரு நாள் அந்தக் குழுவில் இருந்த யாரோ ஒருவர் அவளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பி அவளுடைய படத்தைக் கேட்டிருக்கிறார். அவள் நேரே சமையலறைக்கு வந்து போனை என் கையில் தந்தாள். பயந்து அழவில்லை, மறைக்கவும் இல்லை. "உம்மா, இவர் ஆர்மி இல்லை, பொய்" என்றாள். அந்த எண்ணைத் தடுத்தோம், குழுவை நடத்துகிறவருக்கு அறிவித்தோம், விலகினோம்.

நான் அந்த ஏழு பேரின் பெயர் தெரியாதவளாக, "என்ன கருமம் கேக்கிறாய்" என்று தினமும் ஏசுகிறவளாக இருந்திருந்தால் அவள் அந்தப் போனை என்னிடம் கொண்டுவந்திருப்பாளா? ஆசிரியையாக எனக்குத் தெரிந்த பிள்ளைகள் பலர் கொண்டுபோவதில்லை. ஏச்சு விழும் என்ற பயத்தில் அந்நியரின் செய்தியைத் தனியாகச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். உம்மம்மா தபாலட்டையில் செய்ததும் இதுதான். மகளின் பெயர் வெளியே போகத்தான் போகிறது, அது தன் பெயரோடு போகட்டும் என்று நினைத்தார்.

*இன்னும் ஒரு சின்ன வரலாறு*

பெண் பிள்ளைகளின் பாட்டு ரசனையை நோய் என்று சொல்வதும் நம் கண்டுபிடிப்பு இல்லை. 1960களில் 'பீட்டில்ஸ்' குழுவைப் பார்த்துக் கத்திய பெண் பிள்ளைகளைப் பத்திரிகைகள் 'வெறி' என்றே எழுதின. ஆனால் 1964 பெப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் அந்தக் குழு முதன்முதலாகப் பாடியபோது பார்த்தவர்கள் சுமார் 7 கோடி 30 லட்சம் பேர். அவ்வளவு பேரும் பெண் பிள்ளைகளாக இருக்க வழியில்லை. வீட்டு மண்டபத்தில் ஒரே பெட்டிக்கு முன்னால் தாயும் தகப்பனும் உட்கார்ந்திருந்தார்கள். கத்தியவர்களின் படம் பத்திரிகையில் வந்தது. பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் வரலாற்றில் வரவில்லை. நம் கதையும் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். ரேடியோவுக்கு வந்த தபாலட்டைகளைத் திரும்பப் பெற நமக்கு வழியில்லை. ஆனால் வீடுகளில் சில சாமான்கள் இன்னும் இருக்கும். தியேட்டரில் வாங்கிய பாட்டுப் புத்தகம், உம்மாவோ அம்மாவோ பாடசாலைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்த பாட்டு வரிகள், வெளிநாட்டிலிருந்து வந்த கெசட். பழைய கடதாசி என்று எறிய வேண்டாம். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த வருடம், எந்தத் தோட்டம் அல்லது எந்தக் கடைவீதி, யார் சொல்ல யார் எழுதியது என்று பின்னால் ஒரு வரி எழுதுங்கள். முடிந்தால் அந்த வேலையை உங்கள் மகளிடம் கொடுங்கள். அவள் தன் உம்மம்மாவிடம் போய், "உங்களுக்கு எந்தப் பாட்டுக்குப் பைத்தியம்?" என்று கேட்கட்டும். பதில் என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள், வாசிக்க ஆசையாக இருக்கிறது.